தகரம் மடித்த பேராசிரியர்

இது மாதிரிப் பக்கங்களில் வழக்கமாக எடிசன் வருவார், சர் சி.வி. ராமன் வருவார், விஸ்வேஸ்வரய்யா வருவார். இந்த வருஷம் நான் கூட்டி வரும் ஆளின் பெயரை நாம் எல்லோரும் ஒரு தடவையாவது ரெக்கார்டு நோட்டில் எழுதியிருக்கிறோம். தெர்மல் பாடத்தில் வரும் ஜங்கர்ஸ் கேஸ் கலோரிமீட்டரை ஞாபகம் இருக்கிறதா? படம் போட்டு, பாகம் குறித்து, மார்க் வாங்கியதும் மறந்துபோன அதே கருவிதான். நாம் ஜங்கர்ஸ் என்று படிக்கிறோம். ஜெர்மன் உச்சரிப்பு யுங்கர்ஸ். பேராசிரியர் ஹூகோ யுங்கர்ஸ். கலோரிமீட்டரில் ஆரம்பித்து உலகத்தின் முதல் முழு உலோக விமானம் வரை போனவர். ஆனால் அவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது கலோரிமீட்டரும் இல்லை, விமானமும் இல்லை. ஒரு உடைந்த தகரத் துண்டு!

எங்கள் ஆட்டோ ஷாப்பில் ஒரு பழைய அம்பாசடர் நிற்கிறது. எத்தனையோ பேட்ச் கழற்றி மாட்டிய வண்டி. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு நாங்கள் நாலு பேர் அதன் ஒயரிங்கைப் புதுசாகச் செய்தோம். ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, ஹாரனுக்கு ஒன்று, ஒரு ஃப்யூஸ் பாக்ஸ், இக்னிஷன் காயில் என்று எல்லாம் எஞ்சின் பக்கத்தில் மூலைக்கு ஒன்றாகத் தொங்கிக்கொண்டு இருந்தன. அத்தனையையும் ஒரே பேனலில் உட்கார வைப்பது என் பொறுப்பு. அந்த இடத்துக்கு ஏற்ற பேனல் கடையில் ரெடிமேடாகக் கிடைக்காது. நாமே வெட்டித்தான் செய்யணும். 18 கேஜ் எம்.எஸ். ஷீட், அதாவது சுமார் 1.2 மி.மீ. கனம். 300க்கு 200 மி.மீ. அளவில் வெட்டி, நாலு மூலையிலும் ஓட்டை போட்டு, பெயிண்ட் அடித்து, எஞ்சின் அறையின் பக்கச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்துச்சு. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினதும் தவில் தோல் மாதிரி அதிர ஆரம்பிச்சது. மூணாவது வாரம், காயில் மாட்டியிருந்த பக்கத்து போல்ட் ஓட்டையிலிருந்து விளிம்பு வரைக்கும் விரிசல் விட்டுப் போச்சு.

சரி, கனம் பத்தலை, அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஸ்க்ராப் குவியலில் தேடி 5 மி.மீ. பிளேட் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஷாப் சாரிடம் காட்டினேன். அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். இரண்டு கிலோவுக்கு மேலே இருக்கும், இதுக்கு வண்டியில் இன்னொரு ஆளை ஏத்திக்கலாமே என்று சிரித்தார். பிறகு என் ரெக்கார்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் பாலம் மாதிரி வைத்தார். தாள் தொய்ந்து விழுந்தது. அதே தாளைப் பனையோலை விசிறி போல மடிமடியாக மடித்து வைத்து, மேலே ஒரு போல்ட்டை வைத்தார். தாங்கியது! தாளும் அதேதான், கனமும் அதேதான். பனைமரத்துக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியலையேடா, லைப்ரரிக்குப் போய் யுங்கர்ஸ்னு ஒரு மனுஷன் இருந்தாரு, அவரைப் படி என்று அனுப்பி வைத்தார். அப்படிப் படித்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

கலோரிமீட்டரும் வெந்நீரும்

ஹூகோ யுங்கர்ஸ் 1859 பிப்ரவரி 3-ஆம் தேதி ஜெர்மனியில் ரைட் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது மூன்ஷென்கிளாட்பாக் நகரோடு சேர்ந்துவிட்டது. நம்ம ஈரோடு, கரூர் மாதிரி தறிச் சத்தம் கேட்கும் ஊர். அப்பாவுக்கு நெசவு ஆலை இருந்தது. பெர்லின், கார்ல்ஸ்ரூ, ஆஹென் என்று மூன்று ஊர்களில் பொறியியல் படித்து 1883-ல் படிப்பை முடித்தார். 1888-ல் டெஸ்ஸாவ் என்ற ஊரில் ஒரு கேஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஓஷெல்ஹாய்சர் என்ற பொறியாளரோடு சேர்ந்து ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன் எதிரெதிராக ஓடும் கேஸ் எஞ்சினை உருவாக்கினார்.

எஞ்சினைச் சோதிக்க வேண்டுமானால் அதற்குள் போகும் கேஸில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று தெரியணும். அதை அளக்கச் சரியான கருவி கிடையாது. இல்லாவிட்டால் என்ன, நானே செய்கிறேன் என்று 1892-ல் அவர் செய்ததுதான் நம்ம கலோரிமீட்டர். கேஸ் ஒரே சீராக எரியும். அதன் சூட்டை ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியது என்று பார்த்தால் கணக்கு முடிந்தது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

மற்றவர்களாக இருந்தால் பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர் வேறு மாதிரி யோசித்தார். ஓடும் தண்ணீரை கேஸ் சூடாக்குகிறது என்றால், அதே வேலையைக் குளியலறையில் செய்தால் என்ன? 1895-ல் டெஸ்ஸாவில் யுங்கர்ஸ் கம்பெனி தொடங்கியது. கேஸ் கீசர் வீடு வீடாகப் போனது.

இங்கே ஷீட் மெட்டல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கீசரில் சூடு சீக்கிரம் தண்ணீருக்குள் இறங்க வேண்டுமானால் தகடு மெல்லிசாக இருக்கணும். மெல்லிசாக இருந்தால் நெளியும், அதிரும், பிய்ந்து போகும். மெல்லிய தகட்டை எப்படி விறைப்பாக நிற்க வைப்பது? வளைத்து, மடித்து, ஓரம் கட்டித்தான். வெந்நீர்ப் பெட்டியில் கற்ற இந்தக் கை வேலைதான் பின்னால் அவரை வானத்துக்குக் கொண்டுபோனது.

ஐம்பது வயதில் புதுப் பாடம்

1897-ல் ஆஹென் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே ஹான்ஸ் ரைஸ்னர் என்ற இளைய பேராசிரியருக்கு விமானப் பைத்தியம். அந்தக் காலத்து விமானம் என்றால் மரச் சட்டம், அதன் மேல் துணி, சுற்றி ஒரே கம்பிக்கட்டு. ரைஸ்னர் தன் விமானத்துக்கு உலோக இறக்கை வேண்டும் என்றபோது யுங்கர்ஸின் டெஸ்ஸாவ் பட்டறைதான் நெளிவு போட்ட அலுமினியத் தகட்டைச் செய்து கொடுத்தது. 1912-ல் அது பறந்தது.

அதற்குள் பேராசிரியருக்கும் விமான ஆசை தொற்றிக்கொண்டது. 1910-லேயே தடித்த இறக்கைக்கு ஒரு பேட்டன்ட் வாங்கிவிட்டார். இறக்கை தடிமனாக இருந்தால் தாங்கும் சட்டம் எல்லாம் உள்ளேயே அடங்கிவிடும், வெளியே கம்பிக்கட்டு தேவையில்லை என்பது அவர் கணக்கு. அப்போது அவருக்கு வயது 51. ஒரு பேப்பர் அரியர் விழுந்ததும் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று கேன்டீனில் உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இந்த வயதைக் கொஞ்சம் மனதில் குறித்துக்கொள்ளவும்!

1912-ல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு முழு மூச்சாக இறங்கினார். 1915 டிசம்பர் 12-ஆம் தேதி பெர்லினுக்குப் பக்கத்தில் டோபரிட்ஸ் மைதானத்தில் ஜே-1 பறந்தது. முழுக்க முழுக்க இரும்புத் தகடு. தோல் 0.1 முதல் 0.2 மி.மீ. கனம்தான், நம்ம ஷாப்பில் கிடைக்கும் எந்த ஷீட்டையும் விட மெல்லிசு. வெளியே வழவழப்பான தகடு; உள்ளே அதோடு வெல்டிங் செய்த நெளி தகடு. அந்த நெளிதான் எலும்பு. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் தகரக் கழுதை.

கழுதை மணிக்கு 170 கி.மீ. வேகத்தில் ஓடியது. ஆனால் இரும்பு ஆயிற்றே, மேலே ஏறுவதற்குத் திணறியது. ராணுவம் உதட்டைப் பிதுக்கியது. ஒன்றே ஒன்றோடு அந்த மாடல் நின்றுபோனது. தோல்வி என்று சொல்லலாம். ஆனால் தகரம் பறக்குமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்து எந்தத் தகரம் என்பதுதான் பாக்கி.

நெளியின் கணக்கு

பதில் டியூராலுமின். ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த கலவை. அலுமினியத்தோடு சுமார் 4 சதவீதம் செம்பு, கொஞ்சம் மக்னீசியம், மாங்கனீஸ். சூடாக்கித் தண்ணீரில் தணித்து வைத்தால் நாள் போகப் போகத் தானே கெட்டிப்படும். எடை இரும்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வெல்டிங் பண்ணினால் அந்தப் பலம் போய்விடும். ஆகவே வெல்டிங்கை விட்டு ரிவெட்டுக்கு மாறினார் யுங்கர்ஸ். உள்ளே ஒளிந்திருந்த நெளி தகட்டை வெளியே கொண்டுவந்து அதையே விமானத்தின் தோலாக ஆக்கினார். அவர் விமானங்கள் பார்ப்பதற்குப் பறக்கும் தகரக் கூரை மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நெளியில் அப்படி என்ன பலம் என்று நான் என் பேனலை வைத்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரெங்த் பாடத்தில் வரும் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாதான். 200 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. கனம் உள்ள தட்டைத் தகடு: 28.8 வருகிறது. அதே தகட்டின் இரண்டு ஓரத்திலும் 15 மி.மீ. உயரத்துக்கு ஃப்ளேஞ்ச் மடித்தால் சுமார் 2190. அதாவது 76 மடங்கு! கூடும் எடை 14 சதவீதம்கூட இல்லை. தட்டையாகவே வைத்து இந்த விறைப்பு வேண்டுமானால் தகடு 5 மி.மீ. கனம் இருக்கணும், எடை நாலு மடங்குக்கு மேல் ஏறும். நான் ஸ்க்ராப்பில் பொறுக்கிய பிளேட் அதுதான்! ஷாப் சார் ஏன் சிரித்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நடு அச்சிலிருந்து உலோகத்தை எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு பலம். இந்த ஒரு வரியைத்தான் யுங்கர்ஸ் விமானமாகக் கட்டினார்.

முதல் உலகப் போர் முடியும் வரை அவர் செய்ததெல்லாம் போர் விமானம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. போர் முடிந்ததும் அவர் பட்டறை பயணிகள் விமானத்துக்குத் திரும்பியது. 1919 ஜூன் 25-ல் எஃப்-13 பறந்தது. உலகத்தின் முதல் முழு உலோகப் பயணிகள் விமானம். நாலு பயணிகளுக்கு மூடிய அறை, உள்ளே சூடு வசதி. மழைக்கும் வெயிலுக்கும் வெளியில் நின்றாலும் துணி கிழியும், மரம் இற்றுப்போகும் என்ற பயம் இல்லை. தோற்ற நாடு என்பதால் ஜெர்மனியின் விமானத் தொழிலுக்கு ஆயிரம் தடை. அப்படியும் 300க்கு மேல் செய்தார்கள். கொலம்பியாவில் சக்கரத்துக்குப் பதில் மிதவை கட்டி மக்தலேனா ஆற்றின் மேல் ஓட்டினார்கள். 1928 ஏப்ரலில் பிரெமென் என்ற யுங்கர்ஸ் விமானம் அட்லாண்டிக் கடலை முதன்முதலில் எங்கும் இறங்காமல் கிழக்கிலிருந்து மேற்காகத் தாண்டியது. அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியே நெளி தகட்டில் மூன்று எஞ்சின் விமானம் செய்ய, யுங்கர்ஸ் வழக்குப் போட்டு ஐரோப்பாவில் ஜெயித்தார்.

பறித்துக்கொண்டார்கள்

இவ்வளவு செய்தவர் பணத்தில் கெட்டிக்காரர் இல்லை. வந்த லாபம் எல்லாம் ஆராய்ச்சிக்கே போனது. விமானப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்று நடத்தினார். கடனில் மாட்டி அது கை நழுவி, 1926-ல் லுஃப்ட் ஹன்சாவோடு சேர்ந்தது. 1932-ல் மறுபடி நெருக்கடி. விமானப் பட்டறையைக் காப்பாற்ற வேண்டி, தான் முதன்முதலில் தொடங்கிய கீசர் கம்பெனியையே பாஷ் நிறுவனத்துக்கு விற்றார். மூத்த பிள்ளையை விற்று இளையவனைக் காப்பாற்றிய மாதிரி.

அந்த இளையவனும் தங்கவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். புது அரசுக்கு விமானப்படை வேண்டும். அதற்கு யுங்கர்ஸின் தொழிற்சாலை வேண்டும். அதைவிட முக்கியமாக அவர் பேட்டன்ட்கள் வேண்டும். தேசத் துரோக வழக்குப் போடுவோம் என்று 74 வயதுக் கிழவரை மிரட்டினார்கள். நெருக்கியவர்களில் எர்ஹார்ட் மில்ஹ் என்பவர் ஒரு காலத்தில் யுங்கர்ஸின் போக்குவரத்துக் கம்பெனியிலேயே வேலை பார்த்தவர். ஜூன் மாதம் பேட்டன்ட்களில் கையெழுத்து வாங்கினார்கள். அக்டோபரில் 51 சதவீதப் பங்குகளில் கையெழுத்து வாங்கினார்கள். டெஸ்ஸாவுக்குள் காலே வைக்கக் கூடாது என்று பவேரியா மலைப் பக்கம் அனுப்பி வீட்டுக் காவலில் வைத்தார்கள். 45 வருஷம் உழைத்த ஊர்! 1935 பிப்ரவரி 3, அவருடைய 76-வது பிறந்த நாள். அன்றைக்கே மியூனிக் பக்கத்தில் கௌட்டிங் என்ற ஊரில் இறந்துபோனார்.

இதற்கு மேல்தான் எனக்கு மனசு கஷ்டமாகப் போனது. தொழிற்சாலையைப் பறித்தவர்கள் பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். அவர் பட்டறையில் பயணிகளுக்காகவும் சரக்குக்காகவும் உருவான யு-52, 1937 ஏப்ரலில் ஸ்பெயின் நாட்டு கெர்னிகா ஊரின் மேல் குண்டு போட்டது. அவர் கண்ணாலும் பார்த்திராத யு-87, போரில் ஊளையிட்டுக்கொண்டு விழுந்து தாக்கியது. இரண்டின் நெற்றியிலும் அவர் பெயரின் முதல் இரண்டு எழுத்து. கழுதை என்று பெயர் வாங்கிய அந்த முதல் ஜே-1, மியூனிக் அருங்காட்சியகத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் குண்டுவீச்சில் அதுவும் அழிந்தது.

நெளி தகடு கூட நிலைக்கவில்லை. நெளியின் மேல் காற்று உரசி வேகத்தைக் குறைக்கிறது என்று தெரிந்ததும் 1930-களில் விமானங்கள் வழவழப்பான தோலுக்கு மாறின. ஆனால் அந்தத் தோலுக்கு உள்ளே பாருங்கள், மடித்த தகட்டுச் சட்டங்கள்தான் தாங்கி நிற்கின்றன. நம் பஸ்ஸின் பக்கத் தகடு, கடை ஷட்டர், எண்ணெய் டின்னின் வரி, எல்லாம் அதே பாடம்தான்.

மறுபடியும் பேனல்

நான் ஷாப்புக்குத் திரும்பினேன். இந்தத் தடவை அவசரப்படவில்லை. முதலில் அட்டையில் டெம்ப்ளேட் வெட்டி வண்டியில் வைத்துப் பார்த்து, பானெட்டை மூடினால் இடிக்குதா என்று சரி பார்த்தேன். அதே 18 கேஜ் ஷீட். நாலு பக்கமும் 15 மி.மீ. ஃப்ளேஞ்ச். மடிப்புக் கோடுகள் சந்திக்கும் மூலைகளில் 3 மி.மீ. ஓட்டை, இல்லையென்றால் மடிக்கும்போது மூலை கிழியும், கிழிந்த இடத்தில் பிறகு விரிசல் ஓடும். எல்லா ஓட்டைகளையும் தட்டையாக இருக்கும்போதே டிரில் செய்து, பிசிரை அரத்தால் எடுத்தேன். ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் கிராமெட். போல்ட்டுக்கு அடியில் ரப்பர் புஷ், பெரிய வாஷர்.

எல்லாம் மாட்டி ஸ்டார்ட் பண்ணினால் ஹாரன் அடிக்கலை! ரப்பர் புஷ் போட்டதில் பேனலுக்கு எர்த் போயிருச்சு. ஷாப் சார் ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டு ஒயரை எடுத்து நீட்டினார். பெயிண்டைச் சுரண்டி பாடிக்கு எர்த் கொடுத்ததும் ஹாரன் அலறியது. ஷாப்பே கை தட்டியது.

பேனலின் பின்பக்கத்தில் எங்கள் நாலு பேர் பெயரையும் ஸ்க்ரைபரால் எழுதலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எழுதும்போது எனக்கு அந்தப் பெரியவர் ஞாபகம்தான் வந்தது. நாம் செய்யும் பொருளில் நம் பெயர் இருப்பது பெருமைதான். ஆனால் அந்தப் பொருள் யார் கையில் போய் என்ன வேலை செய்கிறது என்பதும் சேர்ந்துதான் பெயர். எங்கள் பேனல் ஹெட்லைட் எரிய வைக்கிறது, ஹாரன் அடிக்க வைக்கிறது. அந்த மட்டில் நிம்மதி.

நண்பர்களே, நம்மில் பலர் வெளியே போய் மெல்லிய தகடு மாதிரித்தான் முதலில் நிற்கப்போகிறோம். பெரிய குடும்பம், பெரிய சிபாரிசு என்ற கனம் நம்மில் பலருக்குக் கிடையாது. கவலை வேண்டாம். கனத்தைத் தேடி ஸ்க்ராப்பில் அலைந்த நான் சொல்கிறேன்: இருக்கிற தகட்டைச் சரியான இடத்தில் மடிக்கக் கற்றுக்கொண்டால் 76 மடங்கு பலம் அதிலேயே இருக்கிறது. அடுத்த தடவை கலோரிமீட்டர் படம் போடும்போது, அந்தப் பெயரைக் கொஞ்சம் நிறுத்தி எழுதுங்கள்.